அட்டை நிறம் தேட ஒரு விசிறி: பான்டோன் கலர் பிரிட்ஜ்

ஒரு சின்ன இசை இதழுக்கு அட்டை வடிவமைப்பது என் வேலை. கடைசி மூன்று இதழ்களுக்கும் நிறத்தைத் திரையில் தேடவில்லை. பான்டோன் நிறுவனத்தின் கலர் பிரிட்ஜை, அதாவது நிறங்களை அச்சடித்த தாள்பட்டைகளை விசிறிபோலக் கோத்ததை, மேஜையில் விரித்து வைத்துத்தான் எடுத்தேன். அச்சுக்குப் போகிற வேலை செய்கிறவர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள்.

என்னை வாங்க வைத்தது ஒரு நீலம். மேடை வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குப் பின்னணியாகப் பளீரென்று ஒரு நீலம் வைத்திருந்தேன். அச்சாகி வந்தபோது அது மங்கிய கத்தரிப்பூ நிறமாக இருந்தது. கட்டுக்கட்டாக வந்து இறங்கிய இதழ்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால். அந்த நான்குக்கும் எட்டாத நிறங்களில் பளீர் நீலமும் பளீர் ஆரஞ்சும் முக்கியமானவை. சயானுக்குச் சமமாக மஜென்டா ஏறினால் நீலம் ஊதாவாகிவிடும்.

கலர் பிரிட்ஜில் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு கட்டம். இடது கட்டம் தனியாகக் கலந்த மையில் அச்சடித்தது. வலது கட்டம், அதே நிறம் நான்கு மையில் எதுவரை வரும் என்பது. கீழேயே மையின் சதவீதம். ஆரஞ்சு 021-ஐப் பாருங்கள்: இடதுபக்கம் தணலாக எரிவது வலதுபக்கம் அடங்கிப்போய் இருக்கும். என்ன கிடைக்காது என்பதை முன்கூட்டியே இப்படிக் காட்டுவதற்காகவே இதன்மேல் எனக்குப் பிரியம்.

இந்த இதழ் அட்டையில் ஒரு சாக்ஸபோன் கலைஞர். கறுப்புச் சட்டை, கையில் பொன்னாக மின்னும் பித்தளை. ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரிப் படியை, ஜன்னலோரம் வைத்து, வெள்ளை அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன்வழியே வலது கட்டத்தை மட்டும் பார்த்தேன். பக்கத்து நிறம் தெரிந்தால் கண் ஏமாந்துவிடும். முதலில் கருநீலம்: சட்டை அதில் கரைந்து, தோளுக்கு விளிம்பே இல்லாமல் போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பக்கம் நகர்ந்தேன். மயில்கழுத்து நிறம் வந்ததும் பித்தளை எழுந்து நின்றது. அந்த நொடிக்காகத்தான் இந்த வேலையே செய்கிறேன். இதழின் பெயரைச் சிவப்பில் போடச் சொன்னார்கள். அந்த நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து கண்ணில் அதிர்ந்தது. குழலில் வெளிச்சம் விழும் இடத்து வெளிர்மஞ்சளை எடுத்துப் போட்டேன். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோதும் பெயர் துலக்கமாக நின்றது.

வழவழப்பான தாளுக்கும் பூச்சில்லாத தாளுக்கும் விசிறி வேறு வேறு. உங்கள் அட்டை எந்தத் தாளில் அச்சாகிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். அட்டைமேல் மேட் லேமினேஷன் என்ற பளபளப்பில்லாத மெல்லிய உறை ஒட்டினால் நிறம் இன்னும் ஒருபடி அடங்கும், அதை இது காட்டாது. பட்டைகள் வெளிச்சத்தில் வெளுக்கும். 12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது நிறுவனம். நான் உறையில் போட்டு இழுப்பறைக்குள் வைக்கிறேன். எந்த நிறத்தோடு எது சேரும் என்று இது சொல்லித் தராது. அதற்கு அடோபி கலர் என்ற இணையதளத்தின் நிறச் சக்கரம் போதும். அங்கே பிடித்த சேர்க்கையை எடுத்துக்கொண்டு இங்கே வந்து வலது கட்டத்தில் சரிபாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கடியில் முடிவு செய்ய வேண்டாம்.