வம்சாவளித் தளத்துக்குச் சந்தா கட்டலாமா?

முன்னோர்களைப் பழைய பதிவுகளில் பணம் கட்டித் தேடுகிற வம்சாவளி இணையதளம் லாயக்கா என்று சிநேகிதர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய ஆட்களும் எங்களைப் போலவே நாகப்பட்டினத்தில் கப்பலேறி சிங்கப்பூர் போன கத்தோலிக்கர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். குடும்பப் பெயரை நிரப்பாவிட்டால் தேடவே விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சவேரிமுத்து மகன் சூசை, சூசை மகன் அந்தோணி. பழைய கோயில் ஏடுகளைப் பார்த்துத் தளத்துக்குப் பெயர் அட்டவணை போட்டவர்கள் அப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டதால், ஒரே வீட்டு ஆட்கள் தலைமுறைக்கு ஒரு குடும்பமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். போதாக்குறைக்கு, பிரெஞ்சுச் சாமியார்கள் ஞானஸ்நானம், கல்யாணம் பதியும் அந்த ஏட்டை லத்தீனில் எழுதியதால் சூசை அங்கே ‘ஜோசெபுஸ்’. திருத்தச் சொல்லி எழுதினால் நன்றி சொல்லி ஒரு தானியங்கிக் கடிதம் வரும், அவ்வளவுதான்.

கல்லறையை நம்பி இறங்காதீர்கள். சிங்கப்பூரில் 1972-ல் மூடிய பிடாதாரி கல்லறையை 2001 முதல் தோண்டியெடுத்துவிட்டார்கள். 1998-க்குப் பிறகு அந்த நாட்டில் புதைகுழிக்கே 15 வருஷம்தான் கெடு. கோயில் ஏடுதான் கதி. அங்கே தமிழர்களுக்கென்று ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயில் எழும்பியது 1888-ல். அதற்கு முன் போனவர்களை குவீன் தெரு பேதுரு பவுல் கோயில் ஏட்டில், சீனப் பெயர்களுக்கு நடுவே தேட வேண்டும்.

ஆனால் எங்கள் பாட்டனார் அகப்பட்டது ஊர்க் கோயிலில். 1908 ஈஸ்டர் முதல் ரோமாபுரிச் சட்டம் ஒன்று: கல்யாணம் எங்கே நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு, அதாவது அந்த ஊர்க் கோயிலுக்கு, எழுதியனுப்ப வேண்டும், அங்கே அதை ஏட்டில் குறித்துவைக்க வேண்டும். பாட்டனாருடைய ஞானஸ்நான வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், வேறு மையில் நெருக்கி எழுதிய ஒன்றரை வரி. பெண்ணின் பெயர், தேதி, சிங்கப்பூர்க் கோயில், எல்லாம் இருந்தது! கடல் தாண்டிக் கடுதாசி போட்ட அந்தச் சாமியாருக்கு ஒரு பூசை வைக்கலாம். தளத்தின் அட்டவணையிலோ ஓரக்குறிப்பு என்ற ஒன்றே கிடையாது. தளத்தில் போட்டிருக்கும் ஏட்டுப் பக்கத்தின் படத்திலும் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

சரி, பங்கு எது என்று காட்டியது தளம்தான், அதை மறுக்கவில்லை. அதற்கு இத்தனை பணமா? கட்டாதீர்கள். பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும்போது ஓரக்குறிப்பையும் சேர்த்தே எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள்.

நான் மட்டும் போன வாரம் விலை இறங்கியதும் புதுப்பித்துவிட்டேன். அம்மாச்சி வழி இன்னும் பாக்கி இருக்கிறதே.