ட்ரிம் சக்கரத்தோடு மூன்று வருடம்

கணினி விமான சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. முதல் வருடம் முழுக்க ட்ரிம்மை, அதாவது கையால் பிடிக்காமலே விமானத்தின் மூக்கு நிலையாக நிற்கும்படி சரிசெய்து வைக்கும் கட்டுப்பாட்டை, தப்பாகத்தான் பயன்படுத்தினேன். மூக்கு இறங்கினால் பட்டனை இப்படித் தட்டுவது, ஏறினால் அப்படித் தட்டுவது. விமானம் ஊஞ்சல் ஆடிக்கொண்டே போகும்.

ட்ரிம் விமானத்தை ஓட்டுவதற்கு இல்லை. கையிலிருக்கும் பாரத்தை இறக்கி வைப்பதற்கு. அது பிடித்துக்கொள்வது உயரத்தை அல்ல, வேகத்தை. இது புரிந்த நாளில்தான் மற்றதெல்லாம் வழிக்கு வந்தது.

இப்போது செய்வது இதுதான். 3000 அடி வந்ததும் ஜாய்ஸ்டிக்கால் மூக்கைப் பிடித்து நிறுத்துவேன். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை 2300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2300 சுற்று) வைத்துவிட்டுக் காத்திருப்பேன். வேகமுள் நகர்வதை நிறுத்தும்வரை ட்ரிம்மைத் தொடவே கூடாது. அவசரப்பட்டால் பழைய ஊஞ்சல்தான். அப்புறம் ட்ரிம். நிஜ விமானத்தில் யோக் (விமானி கையில் பிடிக்கும் ஸ்டியரிங்) இருந்த இடத்திலேயே இருக்கும், கையில் தெரியும் அழுத்தம் மட்டும் கரையும். நம் மேஜை ஜாய்ஸ்டிக்கோ ஸ்பிரிங்கால் நடுவுக்கு இழுக்கும். அதனால் ஒரு கை ட்ரிம்மைச் சுற்றச் சுற்ற, மறு கை அதே அளவுக்குத் தளர வேண்டும். இது கைவர எனக்குச் சில மாதங்கள் ஆயின.

சரியாக வந்ததா என்று பார்க்க, கையை எடுத்துவிட்டு 200 ஆர்பிஎம் கூட்டுவேன். கொஞ்சம் தள்ளாடிவிட்டு, கிட்டத்தட்ட அதே வேகத்தில் விமானம் ஏறத் தொடங்கும். முதல் தடவை பார்த்தபோது நம்பவே முடியவில்லை.

ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுப்பது புரொபெல்லரின் வேலை. என் 172இல் ரட்டருக்கு (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் சுக்கான்) ட்ரிம் கிடையாது, வலது காலால் பெடலை அழுத்திக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போர்க் கால ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் ரட்டர் ட்ரிம் உண்டு. ஆனால் மெர்லின் எஞ்சின் வகை இடப்பக்கமும் கிரிஃபான் எஞ்சின் வகை வலப்பக்கமும் இழுக்கும். பழக்கதோஷத்தில் ட்ரிம்மை மாற்றி வைத்து, ஓடுபாதையை விட்டுப் புல்லில் ஓடியிருக்கிறேன்.

போன வருடம் தனியாக ஒரு ட்ரிம் சக்கரம் வாங்கினேன். பட்டனைவிட நுணுக்கமாகத் திருப்ப முடிகிறது, அதில் குறையில்லை. ஒரே தொல்லை ஆட்டோபைலட்தான். அது சிமுலேட்டருக்குள் ட்ரிம்மை நகர்த்திவிடும்; மேஜைமேல் இருக்கும் சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும். ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுச் சக்கரத்தை லேசாகத் தொட்டால் போதும், ட்ரிம் அந்தப் பழைய இடத்துக்குத் தாவி, மூக்கு குப்புறக் கவிழும். இதை இன்னும் பல தடவை மறந்துவிடுகிறேன்.