மியாட்டாவும் ஃபிட்டும்: 6 வருஷம் மாற்றி மாற்றி ஓட்டியபின்

வீட்டில் இரண்டு கார். ஒன்று 1992 மாஸ்டா மியாட்டா, இரண்டு பேர் மட்டும் உட்காரும், துணிக்கூரை வண்டி. இன்னொன்று 2010 ஹோண்டா ஃபிட், ஆட்டோமேட்டிக். இங்கே நியூஜெர்சியில் 6 வருஷமாக ஓட்டுகிறேன். "ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கியாமே, பறக்குமா?" என்று கேட்காத நண்பர் கிடையாது. பறக்காது. மியாட்டாவின் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 116 குதிரைத்திறன், காய்கறி வாங்கப் போகிற ஃபிட்டின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 117!

வித்தியாசம் தெரிவது வளைவில். மியாட்டாவில் தள்ளுகிற வேலையைப் பின்சக்கரம் பார்த்துக்கொள்ளும், முன்சக்கரத்துக்குத் திரும்புவது ஒன்றே வேலை, எடையும் ஃபிட்டைவிட 100 கிலோவுக்கு மேல் குறைவு. என் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது என்பதால் ரோட்டில் கிடக்கிற சரளைக்கல்கூட உள்ளங்கைக்கு வந்து சேரும். கியர் ராடை மணிக்கட்டாலேயே தள்ளிவிடலாம். 40 மைல் வேகமே 80 மாதிரி இருக்கும், போலீஸ் பயம் இல்லாமல் அனுபவிக்கலாம். பார்க்கிங் பண்ணும்போது மட்டும் தோள்பட்டை கழன்றுவிடும்.

அப்புறம் மழை. மேப்பிள் மரத்தடியில் நிறுத்தியது என் முட்டாள்தனம். கூரைத் தண்ணீர் இறங்க சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் உண்டு, இலைச் சருகு அதை அடைத்துக்கொண்டு, ஒருநாள் உள்ளே கார்ப்பெட் நனைந்த பாய் மாதிரி கிடந்தது. கம்பி விட்டால் உள்ளே இருக்கும் குழாய் கிழியும் என்று புல் வெட்டும் மெஷினின் நைலான் நரம்பை விட்டுக் குடைந்தேன். இன்னொரு தடவை, நவம்பர் குளிரில் பின்கண்ணாடியின் ஜிப்பைத் திறக்காமலே கூரையை மடக்கினேன். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். குறுக்கே விரிசல். டிசம்பர் முதல் மார்ச் வரை, பனி உருக ரோட்டில் தூவுகிற உப்பு வண்டியைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்று பயந்து, மியாட்டா ஷெட்டிலேயே இருக்கும், டிக்கிக்குள் இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜரோடு.

ஃபிட்டைப் பற்றி எழுத இவ்வளவு கதை இல்லை, அதுதான் அதன் பெருமை. ஆயில், டயர், பிரேக் பேட், அவ்வளவுதான். மைலேஜ் எனக்கு காலனுக்கு 32 மைல், மியாட்டா 25. பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின்சீட்டின் அடிப்பலகையை மேலே மடக்கலாம். நாலடி கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு நிற்கவைத்தே கொண்டுவந்தோம். ஒரே ஒரு கார்தான் என்றால் யோசிக்காமல் ஃபிட்.

மகளுக்கு இப்போது 16. கிளட்ச் பழக மியாட்டாதான் வேண்டும் என்றாள். ஓட்டுநருக்கு மட்டும் ஏர்பேக் உள்ள வண்டி அது, அதனால் காலி பார்க்கிங் லாட் தாண்ட விடவில்லை. நாலு தடவை ஆஃப் ஆனது. ஐந்தாவது தடவை குலுங்கிக்கொண்டே நகர்ந்ததும், பட்டப்பகலில், அந்த மடக்கு ஹெட்லைட்டை எழுப்பிவிட்டு, "அப்பா, இது கண்ணு முழிச்சிருச்சுப்பா!" என்றாள்.