மீசை முளைக்காத மூப்பர்களிடம் ஆங்கிலம்

தைவானுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலை. நான் திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவள். ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேசப் போனால் வெறும் காற்றுதான் வரும். ஆன்லைனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு 6,000 ரூபாய் கட்டி, யாரோ எப்போதோ பேசி வைத்த வீடியோக்களைப் பார்த்து ஏமாந்தது தனிக்கதை. அதற்கப்புறம் சேர்ந்ததுதான், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகள் நடத்தும் இந்த இலவச ஆங்கில வகுப்பு. புதிதாக வரும் நம்மூர்ப் பெண்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

தைவானில் ஒரு மாதம் இருந்தாலே இவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, டை, ஹெல்மெட், சைக்கிள், நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. எப்போதும் இரண்டு பேர். மார்மன் மிஷனரிகள். 2018-லிருந்து அவர்கள் தலைமை அந்தப் பெயரை விட்டுவிட்டு, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுசாகச் சொல்லச் சொல்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் பச்சையாகிவிடும் என்பதால் நான் பழைய பெயரிலேயே எழுதுகிறேன். 1956-ல் நான்கு பேராக இங்கே வந்து இறங்கியவர்கள், 1984-ல் தைப்பேயில் பெரிய கோயிலே கட்டிவிட்டார்கள்.

வகுப்பு புதன்கிழமை இரவு 7 மணிக்கு, ஒன்றரை மணி நேரம். ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான் பாடப் புத்தகம். என் மேசையில் ரயில்வேயில் ரிட்டயரான ஒரு தாத்தா, காலை டிபன் கடை நடத்தும் ஒரு அம்மா, வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண். சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு வயது 19. சீனத்தில் இவர்களை 'ச்சாங்லாவ்' என்று கூப்பிடுகிறார்கள். நம்மூர்ச் சபைகளில் மூப்பர் என்போமே, அதே சொல்தான். மீசைகூட முளைக்காத மூப்பர்.

இலக்கணம் தெரிந்துகொள்ளலாம் என்று போகாதீர்கள். ஒரு வினைச்சொல் ஏன் அப்படி மாறுகிறது என்று கேட்டால் பையன் முழிப்பான். "அப்படித்தான் சொல்வோம், அக்கா." (அக்கா என்பது நான் சொல்லிக்கொடுத்தது.) ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு நிமிஷம் எடுத்தாலும் குறுக்கே பேசாமல் காத்திருப்பான். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று சந்தையில்தான் தெரிந்தது. முள்ளங்கி வாங்க வந்தவன், வாங்குவதற்கும் விற்பதற்கும் சீனத்தில் ஒரே 'மாய்'தான், ராகம்தான் வேறு என்பதை மறந்து, "நான் முள்ளங்கி விற்கணும்" என்று சொல்லிவிட்டான். கடைக்கார அம்மா சிரித்து மாளவில்லை. யூட்டாவில் புரோவோ என்ற ஊரில் இருக்கும் பயிற்சிக் கூடத்தில் சீனம் படித்துவிட்டு நேராக இங்கே வந்து இறங்கியவன். அவனும் என்னைப் போலவே வாய் திறக்கப் பயந்தவன். காசு வாங்கிக்கொண்டு வீடியோவில் பேசியவருக்கு அந்தப் பயம் தெரியாது.

பேச்சுப் பயிற்சிக்கு நான் எப்போதும் கேட்பது "உன் நாள் எப்படிப் போகும்?" என்பதுதான். மூன்று மிஷனரி ஜோடிகளிடம் கேட்டதில் பதில் கிட்டத்தட்ட ஒன்றே. காலை 6:30-க்கு எழுந்து உடற்பயிற்சி, வேத வாசிப்பு, மொழிப் படிப்பு. அப்புறம் சைக்கிளில் கிளம்பினால் இரவு 9 மணிக்கு மேல்தான் வீடு. 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும். சினிமா கிடையாது, காதல் கிடையாது. கூட வந்தவனை விட்டு எங்கேயும் தனியாகப் போக முடியாது. இப்படி ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்றரை வருஷம். சம்பளம் இல்லை, செலவுக்குச் சொந்தச் சேமிப்பு அல்லது குடும்பம். திங்கட்கிழமைதான் ஓய்வு, அன்றுதான் துணி துவைப்பது, முடி வெட்டுவது, வீட்டுக்கு வீடியோ கால். அந்த வாராந்தரக் கால்கூட 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் பேசலாம், மற்ற நாளெல்லாம் கடிதமும் ஈமெயிலும்தான். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் நான் அழுத அழுகையை நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் இட்லி சாப்பிட வரச் சொன்னேன். மணியடித்தார்கள். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் உள்ளே வராமல் செருப்பு ஸ்டாண்டு பக்கத்திலேயே நிற்கிறார்கள். "சார் இல்லையா?" அவர் லேபிலிருந்து வரவில்லை. பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் விதி. எனக்குச் சுருக்கென்றது. வாசலிலேயே நின்றுவிட்டுப் போவது என்றால் நம்மூரில் அதற்கு வேறு அர்த்தம். அப்புறம் தட்டை மாடிப்படியில் வைத்தேன், படியில் உட்கார்ந்தே ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டார்கள். மிளகாய்ப் பொடியில் மட்டும் கண் கலங்கிவிட்டது.

காபி வேண்டாம் என்றார்கள். காபி, டீ, மது, புகையிலை எதுவும் அவர்கள் மதத்தில் ஆகாது. டீக்கடை இல்லாத தெருவே இல்லாத ஊரில் என்னதான் குடிப்பீர்கள் என்று கேட்டேன். 'தோங்குவா ச்சா' என்றார்கள். பெயரில்தான் டீ, உள்ளே இருப்பது வெள்ளைப் பூசணிக்காயும் வெல்லமும். உடனே எனக்குப் பொறி தட்டியது. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொடியைப் போட்டுச் சுக்குக் காபி வைத்துக் கொடுத்தேன். பெயரைக் கேட்டதும் பெரியவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். சுக்கு, மல்லி, கருப்பட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்து வாசலில் காட்டி, காபித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை என்று நிரூபித்த பிறகுதான் குடித்தான். இரண்டாவது டம்ளரும் கேட்டான்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: மதம் மாற்றுவார்களா? அவர்கள் இங்கே வந்திருப்பதே அதற்குத்தான், அதை ஒளிப்பதும் இல்லை. வகுப்பு முடிந்ததும் பதினைந்து நிமிஷம் ஜெபமும் சின்னப் பேச்சும் உண்டு, வேண்டாதவர்கள் எழுந்து போகலாம். என்னிடம் அவர்கள் வேதமான மார்மன் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது என்று போனில் எடுத்துக் காட்டினார்கள். எங்களுக்குப் பழனி முருகன் போதும் தம்பி என்றேன். அத்தோடு சரி. முகத்துக்கு நேராக மறுத்துப் பேச வராதவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொண்டு போங்கள், அன்பாகக் கேட்கும் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்வது லேசில்லை.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருப்பது வேறு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். சிலர் தப்பித்து இரண்டு மூன்று சுற்று இருப்பார்கள், சிலர் முதல் சுற்றிலேயே போய்விடுவார்கள். சுக்குக் காபிப் பையன் ஒரு புதன்கிழமை வரவில்லை. அவன் உட்காரும் நாற்காலியில் புதிதாக ஒருவன், "உங்கள் பெயர் என்ன, எந்த ஊர்?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். திண்டுக்கல் எங்கே இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் நாலாவது முறையாகச் சொன்னேன். பூட்டு, பிரியாணி எல்லாம் சேர்த்து இந்த முறை தடங்கலே இல்லை.

போகிறவர்கள் பென்சிலும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள், ஏசி அதிகம். மழைக்கெல்லாம் வகுப்பு நிற்காது, அவர்கள் நனைந்தபடி சைக்கிளில் வந்துவிடுவார்கள். புயலுக்கு அரசாங்கம் லீவு விட்டால் மட்டும் போக வேண்டாம்.