பேக் பே பேட்டரி: முடிவெடுத்துப் பழக ஒரு கணினிப் பயிற்சி

ஹார்வர்டு பிசினஸ் பப்ளிஷிங் வழங்கும் ‘பேக் பே பேட்டரி’ என்னும் சிமுலேஷன் (நிஜச் சூழலைக் கணினியில் பாவித்துப் பழகும் பயிற்சி), தொழில்நுட்ப மேலாண்மை படிப்பவர்கள் தவறவிடக் கூடாத பயிற்சி. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்களான கிளேட்டன் கிறிஸ்டென்சனும் வில்லி ஷீயும் உருவாக்கிய இதில், கற்பனை நிறுவனம் ஒன்றின் பேட்டரிப் பிரிவுக்கு நாம் பொறுப்பேற்று, இன்று லாபம் ஈட்டித் தரும் பழைய பேட்டரியை மேம்படுத்துவதற்கும், குறைந்த ஆற்றலையே சேமித்தாலும் விரைவில் சார்ஜ் ஆகி நெடுநாள் உழைக்கும் அல்ட்ராகெபாசிட்டர் என்னும் புதிய மின்சேமிப்புச் சாதனத்தை வளர்ப்பதற்கும் இடையே ஆராய்ச்சி நிதியை ஆண்டுதோறும் பங்கிட வேண்டும்.

புதிய பொருளுக்குத் தொடக்கத்தில் சந்தை மிகச் சிறியது. போட்ட பணம் உடனே திரும்பாது. ‘புதுமையில் முதலீடு செய்’ என்று வகுப்பில் கேட்கும் அறிவுரை எவ்வளவு கடினமானது என்பது, பழைய வாடிக்கையாளர் விரும்பும் சிறு மேம்பாட்டுக்காகப் புதியதன் பங்கை வெட்டும்போதுதான் உறைக்கிறது. இந்த அனுபவத்தை எந்த விரிவுரையும் தந்துவிட முடியாது என்றே கருதுகிறேன்.

நிதிப் பங்கீட்டையே மையமாகக் கொண்டிருப்பதால், மாற்றத்துக்கு ஊழியர்களை இணங்கவைக்கும் சிக்கல் இதில் பெரிதாகப் புலப்படுவதில்லை. முன்கூட்டியே விடையைத் தெரிந்துகொண்டு விளையாடினாலும் பயன் குறையும். ஒவ்வோர் ஆண்டும் ஏன் அப்படிப் பங்கிட்டோம் என்பதை அவ்வப்போது எழுதிவைத்தால், பின்னர் நடக்கும் கலந்துரையாடலுக்கு அது பெரிதும் உதவும்.