சுகமளிக்கும் ஆராதனையும் அதன்பின் நீட்டப்படும் பதிவேடும்

ஒரு திருச்சபை மாதந்தோறும் நடத்தும் சுகமளிக்கும் ஆராதனையில் சில காலமாகக் கலந்துகொண்டு வருகிறேன். அங்கே உண்மையிலேயே யாராவது குணமாகிறார்களா என்று பலர் கேட்கிறார்கள். அதை மருத்துவப் பரிசோதனைதான் சொல்ல முடியும். சுகம் பெற்றதாகச் சாட்சி சொல்பவர்களை அந்தச் சபை அடுத்து எதற்கு அழைக்கிறது என்பதையே நான் கவனித்தேன்.

ஆராதனையில் பெரிய குறை எதுவும் இல்லை. யாக்கோபின் நிருபம் (5:14) கூறுகிறபடி மூப்பர்கள் எண்ணெய் பூசி, தாழ்ந்த குரலில் ஜெபிக்கிறார்கள். மாத்திரைகளை நிறுத்தும்படி எவரும் சொல்வதில்லை. முழங்காலிட முடியாத முதியவர் ஒருவர் நாற்காலியிலேயே அமர்ந்திருக்க, மூப்பர் தரையில் உட்கார்ந்து அவருடைய வீங்கிய கணுக்காலைப் பிடித்தபடி நெடுநேரம் ஜெபித்தார்.

இயேசுவின் சீடரான சீமோனுடைய மாமி (மனைவியின் தாய்) சுகமடைந்த நிகழ்ச்சியை (மாற்கு 1:29-31) வைத்துப் போதகர் அளித்த செய்திதான் இந்த ஆராதனையின் பலம். இயேசு அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட, ஜுரம் நீங்குகிறது. அவள் எழுந்து பணிவிடை செய்கிறாள். அன்று மாலையே ஊர் முழுவதும் அவ்வீட்டு வாசலில் கூடிவந்ததாக அடுத்த வசனங்கள் சொல்வதால், அவளுக்கு வேலை குறைவாக இருந்திருக்காது என்று எண்ணுகிறேன். சுகம் பெற்ற மகதலேனா மரியாளும், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும் தங்கள் ஆஸ்திகளால் ஊழியம் செய்ததையும் (லூக்கா 8:2-3) போதகர் இதனுடன் இணைத்தார். அதற்கேற்பவே, படுக்கையில் இருப்போரைச் சந்திப்பது, மருத்துவமனையில் இரவுத் துணையாக இருப்பது ஆகிய பணிகளுக்கான பதிவேடு ஒன்று வாசலருகே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் சாட்சி சொன்னவர் மேடையிலிருந்து இறங்கியவுடனேயே அந்தப் பதிவேட்டை அவர் முன் நீட்டுவது, சுகத்திற்குக் கட்டணம் கேட்பது போல இருக்கிறது. சீமோனின் மாமியிடம் எவரும் பணிவிடை கேட்டதாக மாற்கு எழுதவில்லை. இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரின் சுகம் பறிக்கப்பட்டதாகவும் லூக்கா சொல்லவில்லை.

சாட்சிகளுக்கும் சற்று அவகாசம் தரலாம். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு, சுகத்தைச் சோதித்து உறுதிசெய்யும் ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கும்படி அவனிடம் சொன்னார் (மாற்கு 1:44). பிரான்சின் லூர்து திருத்தலத்தில் சுகம் பெற்றதாக அறிவிப்பவர்களை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்கள்; 1858 முதல் இன்றுவரை அங்கே அற்புதங்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டவை ஏறத்தாழ 70 மட்டுமே. அன்று மாலையே மேடையேற்றப்படும் சாட்சி மறுவாரம் பொய்த்துப்போனால், அதைச் சொன்னவரே கூனிக்குறுகிப் போவார்.

சுகமடையாதவர்களை இந்தச் சபை உதவி பெறுபவர்களாக மட்டுமே பார்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தம் மாம்சத்திலிருந்த முள் என்று தாமே குறிப்பிட்ட உபாதை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்காத பவுல், அந்த முள்ளோடுதான் ஊழியம் செய்தார் (2 கொரிந்தியர் 12). சக்கர நாற்காலியில் வந்த பெண் ஒருவர் தம் பெயரையும் பதிவேட்டில் எழுதக் கேட்டபோது, அங்கிருந்த தன்னார்வலர் பேனாவைக் கொடுக்கத் தயங்கினார். தனித்திருக்கும் நோயாளிகளோடு தொலைபேசியில் பேசும் பணியை அப்பெண் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருத்துவத்தை விடாமல் ஜெபத்தையும் நாடுவோர் இந்த ஆராதனைக்குத் தயங்காமல் செல்லலாம். சாட்சிக்கும் பதிவேட்டுக்கும் இடையே ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும் என்று மூப்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் பேசுவதாகக் குறித்துக்கொண்டார்.