முகப்பருவுக்கு 84 நாள் மாத்திரை: மூன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன்

பருவுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரையை இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன். முதல் தடவை 2019-ல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, என் இஷ்டத்துக்கு. இரண்டாம் தடவை 2022-ல், தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்து, சரியாக 84 நாள். இரண்டுமே அதே 100 மி.கி. கேப்சூல்தான். முதல் தடவை முகமும் சரியாகவில்லை, உணவுக்குழாயும் புண்ணாகிப் போனது. இரண்டாம் தடவைக்குப் பிறகு பருவுக்கென்று ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் எனக்குத் தேவைப்படவில்லை.

திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாடையோரமெல்லாம் சீழ் வைத்த பரு. அம்மா பயத்தமாவு அரைத்து வைப்பார். அத்தை வரும்போதெல்லாம் "கல்யாணம் ஆனா தானா அடங்கிடும்" என்பார். மெடிக்கல் கடை அண்ணனிடம் முகத்தைக் காட்டியதும், "இதைப் போடும்மா, பத்தே நாள்ல அமுங்கிடும்" என்று ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. பத்து நாளில் அமுங்கியது. நானும் நிறுத்தினேன். ஒரு மாதம் கழித்து எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி ஒரு அட்டை. இப்படி ஒரே வருடத்தில் ஆறு முறை. நடுவில் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) இல்லையென்று "மூணு நாள் மாத்திரை" என்று அசித்ரோமைசினும் கொடுத்தார். அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்காதீர்கள் என்பதுதான் அந்தக் கோட்டின் அர்த்தம். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்காகவே விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தியது. அத்தனை அட்டை கிழித்தும் நான் அந்தக் கோட்டைக் கவனிக்கவேயில்லை.

ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு, படுக்கையில் சாய்ந்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் கேப்சூலை விழுங்கிவிட்டுத் தூங்கிப்போனேன். விடியற்காலையில் நெஞ்சுக்குழிக்கு நடுவில் கோலிக்குண்டு சிக்கிக்கொண்ட மாதிரி வலி. எச்சில் விழுங்கினாலே எரிந்தது. மூன்று நாள் ஆறவைத்த கஞ்சிதான், அதையும் ஸ்பூன் ஸ்பூனாக. கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்திருக்கிறது. அந்த மருந்து அமிலத்தன்மை உள்ளது, பட்ட இடத்தைப் புண்ணாக்கிவிடும். டாக்ஸி சாப்பிடுபவர்களுக்கு வரக்கூடிய பிரச்சினை இது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரும், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருவதும் இருந்தால் பெரும்பாலும் வராது. கடையில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

2022 பொங்கல் முடிந்த மறுவாரம் தோல் மருத்துவரிடம் போனேன். முதலில் கேட்டது, "இதுக்கு முன்னாடி என்னென்ன போட்டீங்கம்மா?" ஆறு அட்டைக் கதையைச் சொன்னேன். அப்புறம் கேட்டது, "கல்யாணப் பேச்சு, குழந்தைக்குப் பிளான் எதுவும் இருக்கா?" இந்த மருந்து கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பருவுக்காகக் கொடுக்கவே மாட்டார்கள், பற்களில் கறை படியும்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பரு என்பது வெறும் கிருமி சமாச்சாரம் இல்லை. தோல் துவாரம் அடைத்துக்கொள்கிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, அதில் எப்போதும் தோலில் வாழும் பாக்டீரியா பெருகுகிறது, அப்புறம் வீக்கம். டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவையும் வீக்கத்தையும் அடக்கும். அடைப்பை எடுக்காது. அதனால்தான் மாத்திரையை நிறுத்தியதும் எனக்குப் பரு திரும்பத் திரும்ப வந்தது. அடைப்பை எடுக்க அடாபலின் ஜெல், இரவில். பாக்டீரியாவை வேறு வழியில் கொல்ல பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், காலையில். இந்த பெராக்சைடைத் தாக்குப்பிடிக்க பாக்டீரியாவால் பழக முடிவதில்லை. மாத்திரையோடு இதையும் சேர்த்துப் போட்டால், மாத்திரைக்கு மசியாத பாக்டீரியா பெருகும் வாய்ப்பு குறைகிறது. ஆன்டிபயாடிக் மட்டும் தனியாகச் சாப்பிடக்கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் மனதில் தைத்தது. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் முகத்துக்கு மட்டும் போவதில்லை. குடலிலும் தொண்டையிலும் இருக்கிற மற்றக் கிருமிகளும் அதற்குப் பழகும். உண்ணிக்காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இதே டாக்ஸிதான் மருந்து. டைபாய்டுக்குக் கொடுக்கும் மருந்துகளில் அசித்ரோமைசினும் ஒன்று. அதைத்தான் நான் மூன்று பருவுக்கு விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சீட்டில் தொடங்கும் தேதி ஜனவரி 17 என்று எழுதினார். பக்கத்திலேயே முடியும் தேதி, ஏப்ரல் 11. முடியும் தேதி போட்ட மருந்துச் சீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பன்னிரண்டு வாரத்தில் பார்ப்போம், தேவைப்பட்டால் கொஞ்சம் நீட்டலாம், வருடக்கணக்கில் கிடையாது என்றார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே பன்னிரண்டு வாரத்தைத்தான் சொல்கிறது.

தினமும் இப்படித்தான் சாப்பிட்டேன்: காலை இட்லியோ தோசையோ முடித்ததும், முழு டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்ட ஒரே நாள் குமட்டல் தாங்கவில்லை. ரத்தசோகைக்கு நான் சாப்பிட்டுவந்த இரும்புச்சத்து மாத்திரையை இரவுக்கு மாற்றச் சொன்னார். இரும்பு, கால்சியம், அசிடிட்டி மருந்து எல்லாம் டாக்ஸியை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாலும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் அந்த வேளையில் காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. அடாபலினால் தோல் உரிந்து, முகம் முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது. இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் தாடையைத் தடவினேன், புதுக் கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. பத்தாவது வாரத்தில் இருந்ததெல்லாம் கருந்திட்டுகள் மட்டும்.

தொந்தரவே இல்லாமல் போகவில்லை. பிப்ரவரி வெயிலில் ஸ்கூட்டியில் அரை மணி நேரம் போனதற்கே புறங்கை இரண்டும் சிவந்து எரிந்தன. முகத்துக்கு சன்ஸ்கிரீன் போட்டவள் கையை மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு முழுக்கைக் கையுறை. ஏழாவது வாரம் பிறப்புறுப்பில் அரிப்பு, தயிர் போல வெள்ளைப்படுதல். ஆன்டிபயாடிக் எடுக்கும் பெண்கள் சிலருக்கு இந்தப் பூஞ்சைத் தொற்று வரும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொன்னேன், மருந்து கொடுத்தார், ஒரு வாரத்தில் சரியானது. தாங்கமுடியாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ, உடம்பெல்லாம் தடிப்பு வந்தாலோ, விடாமல் வயிற்றுப்போக்கு போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருந்தார். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைச் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு.

ஏப்ரல் 11 மாத்திரை நின்றது. ஜெல் இரண்டும் நிற்கவில்லை. உண்மையில் இந்த மூன்றரை வருடத்தைக் காப்பாற்றியது அவைதான். அடாபலின் பட்டாணி அளவு, முகம் முழுக்க, இப்போது வாரத்தில் நான்கு இரவு. பரு மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தால் பலனில்லை. பெராக்சைடு துணியை வெளுக்கும். என் மெரூன் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வாங்கிக்கொள்ளுங்கள். கருந்திட்டு மறைய இன்னும் எட்டு மாதம் ஆனது. மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு பரு இன்னும் வருகிறது, நான்கு நாளில் போகிறது.

போன ஜூனில் சித்தி மகள் போன் செய்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். "அக்கா, நீ சாப்பிட்ட மாத்திரை பேரை மட்டும் அனுப்பேன்." பேரை அனுப்பவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், அவளை அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து நெற்றியைப் பார்த்தார். கரும்புள்ளியும் வெண்புள்ளியும்தான், சீழோ வீக்கமோ இல்லை. "இதுக்கு மாத்திரை எதுக்கு?" என்று அடாபலின் மட்டும் எழுதினார். எட்டு வாரம் ஆகிறது. நேற்று அனுப்பிய போட்டோவில் நெற்றி முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள்.